நகமடிப்பில் தெரியும் நுண்குழாய்கள்: கப்பிலரோஸ்கோபி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

விரலை ஒரு சின்ன கமராவுக்குக் கீழே நீட்டச் சொல்கிறார்கள். பக்கத்துத் திரையில் சிவப்பு வளையங்கள் வரிசையாகத் தெரிகின்றன, அவற்றுக்குள் இரத்தம் நகர்வதும் தெரிகிறது. இப்படியான வீடியோக்கள் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி கைமாறுகின்றன. "உங்கள் இரத்தம் தடித்துவிட்டது, நரம்பெல்லாம் அடைத்துக்கிடக்கிறது" என்று சொல்லி, அதோடு ஒரு பவுடரையோ மாத்திரையையோ விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், குளிரில் விரல் வெளுக்கிறது என்று மூட்டுவாத கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் வைத்திய நிபுணர்களும் கிட்டத்தட்ட இதே சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். பார்ப்பவர்கள் குழம்புவது நியாயம்தான். இது மருத்துவமா, வியாபாரமா?

சோதனை உண்மையானது. அதன் பெயர் கப்பிலரோஸ்கோபி. ஆனால் அது பதில் சொல்லக்கூடிய கேள்வி குறுகியது: குளிரில் வெளுக்கும் இந்த விரலுக்குள் நுண்குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா, சேதமாகியிருக்கின்றனவா? இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, கந்தப்பளை, தலவாக்கலை, அப்புத்தளை பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. குளிரில் கை விறைப்பது இங்கே அன்றாடம் நடப்பது. அதனாலேயே, நோயால் வெளுக்கும் விரலும் "குளிர்தானே" என்ற ஒரே பேச்சில் அடிபட்டுப் போகிறது.

அடிப்படை: எந்தக் குழாயைப் பற்றிய பேச்சு இது?

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் பெரிய நாடிகளில் தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்து புன்னாடிகளுக்கு வருகிறது. அங்கிருந்து, மேலே நுண்குழாய் என்று சொன்ன மயிர்க்குழாய்களுக்குள் நுழைந்து, மறுபக்கம் புன்னாளங்களில் சேர்ந்து, நாளங்கள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. இரத்தம் இப்படிச் சுற்றி ஓடுகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது, நாடியையும் நாளத்தையும் இணைப்பது எது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661இல் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் மயிர்க்குழாய் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு மயிர்க்குழாயின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரோமீற்றர். செங்குழியத்தின் விட்டமே 7, 8 மைக்ரோமீற்றர் வருவதால், செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பல இடங்களில் உடலை வளைத்துக்கொண்டுதான் இதற்குள் போக முடியும். வேகமும் குறைவு, செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஒட்சிசனும் உணவும் திசுக்களுக்குள் இறங்குவதற்கும் கழிவு திரும்பி வருவதற்கும் இந்த மெதுவான ஓட்டமும், ஒற்றைக் கலப் படையாலான சுவரும்தான் வசதி செய்துகொடுக்கின்றன.

மேலே வாசிப்பதற்கு முன் இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருவதெல்லாம் இவற்றைப் பொறுத்தது.

1. மயிர்க்குழாயின் சுவரில் தசை இல்லை. குளிருக்குச் சுருங்குவது அதற்கு முன்னால் உள்ள சிறு நாடிகளும் புன்னாடிகளும்தான். அவை மூடிக்கொண்டால் மயிர்க்குழாய்க்கு இரத்தம் வராது.

2. நுணுக்குக்காட்டியில் தெரிவது மயிர்க்குழாயின் சுவர் இல்லை, உள்ளே நிற்கும் செங்குழியங்களின் வரிசை. ஆகவே இரத்தம் வராத நேரத்தில், நல்ல குழாயும் இல்லாதது போலத் தோன்றும்.

ஏன் நகமடிப்பு?

உடம்பின் பெரும்பாலான இடங்களில் மயிர்க்குழாய்கள் தோலின் மேற்பரப்பை நோக்கிச் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் அவற்றின் நுனிகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நகம் தோலுக்குள் இறங்கும் ஓரத்தில், அதாவது நகமடிப்பில், அவை தோலுக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடக்கின்றன. அதனால் ஒவ்வொன்றின் முழு நீளமும் தெரிகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல ஒரு பக்கத்தால் போய், நுனியில் திரும்பி, மறுபக்கத்தால் வரும் வடிவம். போகும் பக்கம் சற்று ஒடுங்கலாகவும் வரும் பக்கம் சற்று அகலமாகவும் இருக்கும்.

ஊசி குத்துவதில்லை, இரத்தம் எடுப்பதில்லை, வலியும் இல்லை. நகமடிப்பில் ஒரு துளி எண்ணெய் விடுவார்கள். தோலின் மேற்பரப்பில் ஒளி சிதறாமல் இருப்பதற்காகத்தான் அது. பிறகு சுமார் 200 மடங்கு பெருப்பித்துக் காட்டும் வீடியோ நுணுக்குக்காட்டியை அதன்மேல் வைத்துப் படம் எடுப்பார்கள். பெருவிரல்களை விட்டுவிட்டு மற்ற எட்டு விரல்களையும் பார்ப்பது வழமை. மோதிரவிரலிலும் சின்னவிரலிலும்தான் பெரும்பாலும் தெளிவான படம் கிடைக்கும்.

படத்தில் வைத்தியர் எண்ணுவதும் அளப்பதும்

1. அடர்த்தி: ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் எத்தனை வளையங்கள் இருக்கின்றன என்பது. வளர்ந்தவர்களில் ஏழோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரணம்.

2. அகலம்: வளையத்தின் நுனியில் குழாயின் விட்டம் 20 மைக்ரோமீற்றருக்குள் இருக்க வேண்டும். 20க்கும் 50க்கும் இடையில் இருந்தால் விரிந்தது. 50ஐத் தாண்டினால் அது இராட்சத மயிர்க்குழாய். ஒரேயொரு இராட்சத வளையம் கண்ணில் பட்டாலும் வைத்தியர் அதைச் சும்மா விடமாட்டார்.

3. வடிவம்: சிறிது முறுக்கிக்கொண்டிருப்பது, ஒன்றையொன்று குறுக்கே கடப்பது எல்லாம் ஆரோக்கியமானவர்களிலும் உண்டு. மரக்கிளை போலப் பிரிந்து தாறுமாறாகப் போவதுதான் கவனிக்க வேண்டியது.

4. இரத்தக் கசிவு: குழாயிலிருந்து வெளியே வந்து உறைந்த கரும்புள்ளிகள். கையில் அடிபட்டிருந்தாலும் வரும், நோயாலும் வரும்.

5. வெறும் இடங்கள்: அடுத்தடுத்து வளையங்களே இல்லாத பகுதி.

இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரு தொடராகப் பார்த்தால்தான் விளங்கும். குழாயின் உட்சுவர்க் கலங்கள் சேதமாகும்போது வளையம் தொய்ந்து விரிகிறது. விரிந்தது கசிகிறது. கசிந்தது பிறகு அழிந்துபோகிறது. அழிந்த இடத்துக்கு இரத்தம் கொண்டுவர உடம்பு புதுக் குழாய்களை முளைக்கவைக்கிறது, அவை ஒழுங்கில்லாமல் கிளைக்கின்றன. தோல் இறுகும் நோயான ஸ்கிளெரோடேர்மாவில் இந்தக் கோலத்தை மாரிக், லீரோய் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் விவரித்தார்கள். இத்தாலியின் ஜெனோவாவைச் சேர்ந்த மவுரிசியோ குட்டோலோவின் குழு 2000ஆம் ஆண்டில் அதை மூன்று கட்டமாகப் பிரித்தது. ஆரம்பக் கட்டத்தில் சில இராட்சத வளையங்கள் இருக்கும், அடர்த்தி பெரிதாகக் குறைந்திருக்காது. தீவிரக் கட்டத்தில் இராட்சத வளையங்களும் கசிவும் நிறைய, அடர்த்தி குறையத் தொடங்கியிருக்கும். பிந்திய கட்டத்தில் இராட்சத வளையங்கள் பெரும்பாலும் போய்விடும், வெறும் இடங்களும் கிளைத்த குழாய்களும் மிஞ்சும்.

வெளுக்கும் விரல்

குளிருக்கோ மனப்பதற்றத்துக்கோ விரல்கள் திடீரென வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு வந்ததும் சிவந்து கடுப்பதை 1862இல் மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். அவர் பெயராலேயே அது ரேனோ நிலை எனப்படுகிறது. சிறு நாடிகள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருவது இது. எல்லோருடைய கையும் குளிரில் கொஞ்சம் வெளிறும், அது வேறு. ரேனோவில் நிறம் மாறிய பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை தெரியும்.

மாநிறமும் கறுப்புமான தோலில் இந்த நிறமாற்றத்தைப் புறங்கையில் தேடினால் தவறிப்போகும். நீலம் அங்கே சாம்பலாகவோ இன்னும் கறுத்தோ மட்டும் தெரியலாம். உள்ளங்கைப் பக்கத்து விரல் நுனிகளிலும் நகத்துக்கு அடியிலும் பார்க்க வேண்டும்.

குளிரும் ஈரமுமான இடங்களில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று குளிர்க்கொப்புளம். விரலிலோ கால்விரலிலோ சிவந்தோ ஊதா நிறமாகவோ வீங்கி, அரிப்பும் எரிச்சலும் தரும். ரேனோ தாக்கம் சில நிமிடங்களில், கூடினால் சில மணித்தியாலங்களில் போய்விடும். குளிர்க்கொப்புளம் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும்.

சரி, ரேனோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, இது எந்த வகை?

முதல்நிலை ரேனோவில் நாடிகள் அதிகமாகச் சுருங்குவதைத் தவிர வேறு நோய் இல்லை. பெண்களில் அதிகம், பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கும், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், விரலில் புண் வராது. தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. இரண்டாம்நிலை ரேனோவில் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஸ்கிளெரோடேர்மா, டேர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை, தோல் அழற்சி நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் லூபஸ் போன்றவை முக்கியமானவை. ஸ்கிளெரோடேர்மா வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரேனோ இருக்கும். பலரில் தோல் இறுகத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே விரல் வெளுக்கும். பிறகு நுரையீரல் தழும்பாகலாம், நுரையீரல் நாடியில் அழுத்தம் கூடலாம், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். முந்திக் கண்டால் இவற்றைத் தொடர்ந்து சோதித்து, நேரத்தோடு மருந்து தொடங்க முடியும்.

கப்பிலரோஸ்கோபியின் இடம் இங்கேதான். முதல்நிலையில் சுருங்குவது மயிர்க்குழாய்க்கு முன்னால் உள்ள நாடி, மயிர்க்குழாய் தன் வடிவத்தில் அப்படியே இருக்கும். ஸ்கிளெரோடேர்மாவில் மயிர்க்குழாயே சிதைகிறது. வெளியே இரண்டு வகையிலும் கை ஒரே மாதிரித்தான் வெளுக்கும், உள்ளே உள்ள படம் வேறு. கனடாவின் மொன்றியல் நகரில் ரேனோ உள்ள 586 பேரைத் தொடர்ந்து கவனித்த இருபது வருட ஆய்வொன்று 2008இல் வெளியானது. தொடக்கத்திலேயே நகமடிப்புப் படமும் மாறியிருந்து, இரத்தத்தில் ஸ்கிளெரோடேர்மாவுக்குரிய பிறபொருளெதிரிகளும் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்புக்கு எதிராகவே உண்டாக்கும் புரதங்கள்) இருந்தவர்களில் ஏறக்குறைய 80 வீதமானோருக்கு அந்த நோய் பின்னர் உறுதியானது. இரண்டுமே இல்லாதவர்களில் அது 2 வீதத்துக்கும் குறைவு.

இந்த இரண்டாவது எண்ணை நான் முதலாவதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். விரல் வெளுக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலானோருக்கு முதல்நிலைதான். அவர்களைப் பயத்தோடு கிளினிக் கிளினிக்காக அலையவிடாமல், "போய் வாருங்கள், கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று துணிந்து சொல்லி அனுப்ப ஒரு பிடி கிடைக்கிறது.

அதேநேரம் படம் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்படுத்தலில் ஸ்கிளெரோடேர்மா என்று சொல்ல 9 புள்ளிகள் வேண்டும். அதில் ரேனோவுக்கு 3, மாறிய நகமடிப்புக் குழாய்களுக்கு 2. மிச்சம் தோல், விரல் நுனிப் புண், நுரையீரல், பிறபொருளெதிரி போன்றவற்றிலிருந்து வர வேண்டும்.

மலைநாட்டில் இந்தச் சோதனையைச் செய்யும்போது

பாடநூலில் எழுதியபடி சோதனை அறை 20 முதல் 25 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், நோயாளி அதற்குள் 15 முதல் 20 நிமிடம் இருந்திருக்க வேண்டும். கொழும்பில் இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். ஜனவரி, பெப்ரவரி காலைகளில் புல்லில் உறைபனி விழும் ஊர். விடிய எழும்பி, பனிக்குள் நடந்து வந்து பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் நிற்கும் ஒருவரின் கையை உடனே கமராவுக்குக் கீழே வைத்தால், புன்னாடிகள் மூடியிருக்கும், பல வளையங்களில் இரத்தம் இருக்காது. இரத்தம் இல்லாத குழாய் தெரியாது என்று முதலில் பார்த்தோம் அல்லவா? இருக்கும் குழாய்கள் இல்லாதவையாக எண்ணப்பட்டு, அடர்த்தி பொய்யாகக் குறைந்து தெரியும். அறையில் ஹீட்டர் வேண்டும், உட்காரும் நேரத்தைக் குறைக்கக்கூடாது.

இரண்டாவது, வேலை செய்யும் கை. கொழுந்து எடுக்கிறவர்கள் நாள் முழுக்கப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தளிரைக் கிள்ளுகிறார்கள். தேயிலைச் சாறு நகமடிப்பில் கறையாகப் படிகிறது, தோல் தடித்து வெடிக்கிறது, கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சி குத்துகிறது. நகமடிப்பில் திரும்பத் திரும்பக் காயம் பட்டால் கசிவும், சில விரிந்த வளையங்களும், முறுக்கலும் வரும். அவை நோயின் அடையாளம் இல்லை. எனவே தொழிலாளியின் கையைப் பார்ப்பவர் அதிகம் உழைக்கும் விரல்களை ஒதுக்கி, மோதிரவிரலுக்கும் சின்னவிரலுக்கும் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு விரலில் மட்டும் தெரிவதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, பல விரல்களில் ஒரே கோலம் திரும்பத் தெரிய வேண்டும். வேலை என்ன என்று கேட்காமல் படம் பார்ப்பது அரைச் சோதனைதான்.

மூன்றாவது, தோலின் நிறம். மெலனின் அதிகமுள்ள தோலில் வளையங்கள் மங்கலாகத் தெரியும். ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், பச்சை ஒளியில் இரத்தம் கறுத்து, பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். பச்சை வடிகட்டி உள்ள கருவி நம்மவர்களின் கைக்கு நல்ல உதவி. மங்கலான படத்தை "குழாய்கள் குறைவு" என்று எழுதிவிடாமல், "படம் தெளிவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

சோதனைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நகப்பூச்சை அகற்றிவிட்டுப் போங்கள். அதற்கு முன்னைய சில வாரங்களில் நகத்தோலை வெட்டாமலும் கடிக்காமலும் இருங்கள். அன்று சிகரெட், கோப்பி, தேத்தண்ணி இல்லாமல் போவது நல்லது.

பெரிய கருவி எல்லா வைத்தியசாலையிலும் இருக்காது. தோல் கிளினிக்குகளில் மச்சம், தழும்பு பார்க்கப் பயன்படும் கையடக்க டேர்மோஸ்கோப் ஏறக்குறைய 10 மடங்குதான் பெருப்பிக்கும். மைக்ரோமீற்றர் கணக்கில் அளக்க அதால் முடியாது. ஆனால் இராட்சத வளையங்களும் வெறும் இடங்களும் அதிலேயே கண்ணுக்குப் படும். அதைக் கைத்தொலைபேசியோடு பொருத்திப் படமெடுத்து, தூரத்தில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பவும் முடியும். நுவரெலியா, டிக்கோயா, பதுளை போன்ற வைத்தியசாலைகளில் முதல் சல்லடையாக இந்த முறை நன்றாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறுவது தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சின்ன விடயம் இல்லை. யாருக்கு அந்தப் பயணம் கட்டாயம் என்று பக்கத்திலேயே சொல்ல முடிந்தால், தேவையானவர்கள் நிச்சயம் போவார்கள்.

அதிரும் மெஷினும் கல்தூசியும்

விரல் வெளுப்பதற்கு இன்னொரு காரணம் அதிர்வு. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணக்கல் செதுக்கும் தொழிலாளர்களை அலிஸ் ஹமில்டன் ஆராய்ந்தபோது, காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிர்காலத்தில் செத்ததுபோல வெளுப்பதைப் பதிவு செய்தார். இன்று மலையகத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின், சங்கிலி வாள், பாறை உடைக்கும் துளைகருவி ஆகியவை அதே அதிர்வைக் கைக்குக் கொடுக்கின்றன. சில தோட்டங்களில் கொழுந்து அறுவடைக்கும் மெஷின் வந்திருக்கிறது. அதிர்வும் குளிரும் சேர்ந்த இடத்தில் தாக்கம் கூடும். விரல் மரத்துப்போவதும், பொத்தான் போடவே சிரமப்படுவதும் இதன் அடையாளம்.

அதிர்வால் வருவதை நகமடிப்புப் படம் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குரிய தனிக் கோலம் இல்லை. எந்த மெஷின், எத்தனை வருடம், எந்தக் கை என்ற தொழில் விபரம்தான் முக்கியம். ஆனால் கல் உடைக்கிறவர்கள் விடயத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. சிலிக்கா தூசி ஸ்கிளெரோடேர்மா வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. ஆகவே கல்குவாரியில் வேலை செய்பவரின் விரல் வெளுத்தால், "மெஷின் பிடிப்பதால்தான்" என்று நிறுத்திவிடாமல் நகமடிப்பையும் பார்க்க வேண்டும்.

சீனி, பிரஷர், மற்றும் அந்த வீடியோக்கள்

சீனி வருத்தம் நுண்குழாய்களைத் தாக்குவது உண்மை. பிரஷர் உள்ளவர்களில் மயிர்க்குழாய் அடர்த்தி சராசரியாகக் குறைந்திருப்பதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். அப்படியென்றால் நகமடிப்பைப் பார்த்துச் சீனியைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. காரணம் இதுதான்:

1. ஆய்வுகள் சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டு கூட்டங்களிலும் உள்ளவர்களின் அளவுகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழும். தனி ஒருவரின் படத்தைக் காட்டி அவர் எந்தக் கூட்டம் என்று சொல்ல வழியில்லை.

2. சீனி வருத்தத்தில் தெரியும் முறுக்கலும் சிறு விரிவும் ஆரோக்கியமானவர்களிலும், காயம்பட்ட விரலிலும் தெரிபவை.

3. சீனிக்கு இதைவிட நம்பகமான, மலிவான சோதனைகள் ஏற்கனவே இருக்கின்றன. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரில் அல்புமின். நுண்குழாயை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கண்ணின் விழித்திரை இருக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1851இல் கண்நோக்கியை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து அங்கே குழாய்களை வெட்டாமல் குத்தாமல் பார்க்க முடிகிறது. சீனி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டியது இதனால்தான். பார்வை நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிடக்கூடாது, விழித்திரை சேதம் ஆரம்பத்தில் பார்வையைத் தொடுவதில்லை.

வீடியோக்களில் வரும் "முன்னும் பின்னும்" காட்சிக்கு வருவோம். முதலில் இரத்தம் தயங்கித் தயங்கி ஓடுகிறது. பவுடர் குடித்து, அல்லது ஏதோ ஒரு பட்டியைக் கையில் கட்டி, சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் வேகமாக ஓடுகிறது. படம் போலியாக இருக்கத் தேவையே இல்லை. குளிர்ந்த கையில் ஓட்டம் குறையும், சூடான கையில் கூடும். லென்ஸைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓட்டம் நின்றேவிடும், தளர்த்தினால் திரும்பும். ஒரு கோப்பை சூடான பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் திரையில் அதே "குணம்" தெரியும். இரத்தம் தடித்ததா என்பதை இந்தக் கமரா அளப்பதில்லை, கொலஸ்ட்ரோலையும் அளப்பதில்லை. இதய நாடியில் அடைப்பு இருக்கிறதா என்பது நகமடிப்பில் தெரியாது. சீனிக்கும் பிரஷருக்கும் குடிக்கும் மருந்தை நிறுத்திவிட்டு இப்படி ஒரு பவுடரை நம்புவதுதான் இந்த விடயத்தில் என்னை உண்மையாகப் பயமுறுத்துவது.

யார் காட்ட வேண்டும், எங்கே தொடங்குவது?

குளிரில் விரல் வெளுக்கும் எல்லோரும் ஓட வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்கக்கூடாது:

1. 40 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது.
2. ஒரு கையில் அல்லது ஓரிரு விரல்களில் மட்டும் கடுமையாக வருவது.
3. விரல் நுனியில் ஆறாத புண், குழி விழுந்த தழும்பு.
4. விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமை, தோல் இறுகிப் பளபளத்தல், வாய் திறப்பது ஒடுங்குதல்.
5. கூடவே மூச்சிரைப்பு, விழுங்கச் சிரமம், நீடித்த நெஞ்செரிச்சல், மூட்டு வலி, தசைப் பலவீனம்.

விரல் நுனி கறுத்தாலோ, சூடாக்கியும் நிறம் திரும்பாமல் கடுமையாக வலித்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் டிஸ்பென்சரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்ட வைத்தியசாலைக்கோ போகலாம். அங்கிருந்து மூட்டுவாத அல்லது தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது மூன்று விடயம் கையில் இருக்கட்டும். ஒன்று, விரல் வெளுத்த நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் தொலைபேசியில் எடுத்த படம். கிளினிக்கில் இருக்கும் நேரம் பார்த்து விரல் வெளுக்காது. இரண்டு, குடிக்கும் எல்லா மருந்துகளும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலோல், ப்ரொப்ரனலோல் வகை மருந்துகளும், ஒற்றைத் தலைவலிக்குரிய சில மருந்துகளும் ரேனோவைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது, மாற்றுவதா என்று வைத்தியர் சொல்வார். மூன்று, செய்யும் வேலை, பிடிக்கும் மெஷின் பற்றிய விபரம்.

முதல்நிலை என்று தெரிந்தால், புகைப்பதை விடுவதும் உடம்பைச் சூடாக வைத்திருப்பதும்தான் முதல் வைத்தியம். கையை மட்டும் மூடினால் போதாது. நெஞ்சும் தலையும் குளிர்ந்தாலே விரல் நாடிகள் சுருங்கும். தடித்த கையுறையோடு கொழுந்து கிள்ள முடியாது என்பதால், உள்ளே ஒரு சுவெட்டரும், நனையாத மேலுடுப்பும், இடுப்பில் கட்டும் படங்குக்கு அடியில் காய்ந்த துணியும் கூடுதலாக உதவும். இது போதாதவர்களுக்கு நாடிகளைத் தளர்த்தும் நிபெடிப்பின் மாத்திரையை வைத்தியர் தருவார். அதனால் தலையிடியும் கால் வீக்கமும் சிலருக்கு வரும். புண் வந்தவர்களுக்கும் ஸ்கிளெரோடேர்மா உறுதியானவர்களுக்கும் வைத்தியம் வேறு. அப்படிப்பட்டவர்களைத் தை, மாசிக் குளிரில் அதிகாலை மலைக்கு அனுப்பாமல், கூரைக்குக் கீழே உள்ள ஒரு வேலையைக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களின் கையில் இருக்கிறது. வைத்தியரின் கடிதத்தை அதற்காகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை எடுத்த படம் நன்றாக இருந்தாலும், புதிதாகப் புண், வீக்கம், மூச்சிரைப்பு ஏதாவது தொடங்கினால் திரும்ப எடுக்க வேண்டும். இரத்தத்தில் ஸ்கிளெரோடேர்மாவுக்குரிய பிறபொருளெதிரி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், கிளினிக்கில் கொடுக்கும் திகதிக்குப் போய் நகமடிப்பைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.